பார்த்தியா, கேட்டியா?

அந்த அம்மாவிடம் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எங்கள் நோட்டரி ஆபீஸ் ஜோகுபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. நான் அங்கே குமாஸ்தா. டைப் அடிப்பது, முத்திரை குத்துவது, வந்தவர்களுக்கு நாற்காலி போடுவது எல்லாம் நான்தான். அஃபிடவிட் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சாட்சிக்கு ஆள் கூட்டிவர மறந்துவிடுவார்கள். அப்புறம் சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். ஜன்னலோரம் ஒரு மேஜையில், வெளுத்த காட்டன் புடவையும் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியுமாக அந்த அம்மா பழைய ரிஜிஸ்டர் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருப்பார். பார்த்தால் மறுக்கிறவர் மாதிரித் தெரியாது.

“மேடம், இங்க ஒரு சைன் போடறீங்களா?”

“போடறேன். நீங்க யாரு?”

“பேரு பேப்பர்ல இருக்கே மேடம்.”

“பேப்பர்ல இருக்கு. எனக்கு உங்களைத் தெரியாதே. கையெழுத்துப் போட்டா, தெரியும்னு அர்த்தம்.”

பிறகு ஆரம்பிப்பார். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, எதற்காக இந்தப் பேப்பர். வந்தவருக்கு எரிச்சல் வரும். சிலர் எழுந்து போய்க் கீழே டீக்கடையில் நிற்கிற ஆளைக் கூட்டிவந்துவிடுவார்கள். உட்கார்ந்து பதில் சொன்னவர்களுக்கு, தன் கைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, முழுப் பெயரையும் தமிழில் எழுத்து எழுத்தாகப் போட்டுக் கொடுப்பார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எங்களுக்கு அவர் மேடம்தான்.

ஒரு பெரிய வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் இருந்தவர் என்பதும், அல்சூரில் இரும்பு கேட் வைத்த பெரிய வீடு இருந்தது என்பதும் அவராகச் சொல்லித் தெரிந்ததல்ல, எங்கள் நோட்டரி லாயர் சொன்னது. மேடமிடம் இதைச் சொல்லியிருந்தால் உடனே கேட்டிருப்பார்: “பார்த்தியா, கேட்டியா?”

அதுதான் அவருடைய கேள்வி. யார் எதைச் சொன்னாலும் இதுதான் திரும்பி வரும்.

“சில்க் போர்டுகிட்ட சரியான டிராஃபிக் ஜாமாம் மேடம்.”

“பார்த்தியா, கேட்டியா?”

“வாட்ஸப்புல வந்தது மேடம்.”

“அப்ப கேட்டேன்னு சொல்லு.”

சிரிக்காமல் சொல்வார். சிரித்து நான் பார்த்ததே குறைவு. பேக்கரியிலிருந்து எங்களுக்குக் காரா பன் வாங்கிவருவார். தான் ஒன்றை எடுத்துப் பாதி தின்றுவிட்டு, மீதியைத் தாளில் சுற்றி மேஜையில் வைத்தபடி மறந்துவிடுவார். ரிஜிஸ்டர் தூசியில் தும்மிக்கொண்டே இருப்பார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

அந்த ரிஜிஸ்டர்கள் எங்கள் லாயருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பழைய நோட்டரியுடையவை. அவர் இறந்த பிறகு மூட்டையாக எங்கள் பரணுக்கு வந்து சேர்ந்தவை. கரையான் தின்றது போக மீதி. தேதி, யார் யார் வந்தார்கள், என்ன பத்திரம், கையெழுத்து அல்லது கட்டைவிரல் ரேகை. அவ்வளவுதான் இருக்கும். தங்கள் தாத்தா பாட்டியைத் தேடிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து யாராவது எப்போதாவது வருவார்கள். ஒரு நாள் பார்த்துவிட்டுத் தூசிக்குப் பயந்து ஓடிவிடுவார்கள். மேடம் மட்டும் வந்துகொண்டே இருந்தார். என்ன தேடுகிறார் என்று வெகுநாள் சொல்லவில்லை. “குடும்ப விஷயம்” என்பார்.

ஒருமுறை மூன்று அண்ணன் தம்பிகள் வம்சாவளி எழுத வந்தார்கள். அப்பா இறந்த பிறகு வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு மாற்ற வேண்டுமென்றால், இன்னாருக்கு இன்னார் பிறந்தார், இத்தனை பேர்தான் வாரிசு என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் இங்கே வம்சாவளி என்போம். மூன்று பேரையும் எழுதி நான் டைப் அடித்து முடித்தேன். சாட்சிக்கு மேடமிடம் போனார்கள். அவர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“பொண்ணுங்க யாரும் இல்லையா?”

பெரியவர், “இல்ல மேடம்” என்றார்.

மேடம் கடைசித் தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். “யாரையாவது விட்டுட்டீங்களா?” என்று அவனிடம் இன்னொரு தரம் கேட்டார்.

“ஒரு அக்கா இருக்கு” என்றான் அவன்.

அண்ணன்காரர் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். லாயர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மேடம், ஸ்வல்ப சும்மா இருக்கக் கூடாதா? வர்ற ஆளையெல்லாம் விரட்டினா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்.”

“இருக்கற பொண்ணை இல்லேன்னு எழுதறாங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?” என்றார் மேடம். எனக்கு அன்றைக்கு அவர் மேல் பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு பெண் படியேறி வந்தாள். மூச்சு வாங்க, “இங்க சாட்சி போடற மேடம் யாரு?” என்றாள். அந்த அக்கா. தம்பி அவளிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அவளுடைய புருஷன் பங்கு கேட்டுப் போயிருக்கிறான். கைகலப்பாகி, குடும்பம் இரண்டுபட்டுவிட்டது.

“நான் வந்து உங்களைக் கேட்டனா?” என்றாள். “பொங்கல், தீபாவளின்னா அண்ணன் வீடுன்னு போய் நிக்க எனக்கு ஒரு வாசப்படி இருந்திச்சு. அதையும் அடைச்சிட்டீங்களே.”

“உங்க பேர் இல்லாம எழுதினாங்கம்மா.”

“எழுதினா எழுதிட்டுப் போறாங்க! பேப்பர்ல இல்லன்னா இன்னா? வீட்டுல இருந்தேன் இல்ல?”

மேடம் எழுந்து நின்றுகொண்டே கேட்டார். அவள் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆபீஸ் பக்கம் வரவில்லை. வந்தபோது, தேடுவது என்னவென்று அவராகவே என்னிடம் சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். அப்பா இறந்த பிறகு பிறந்த குழந்தை. பிரசவத்துக்குப் பின் அம்மா எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். அப்போது ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு பெண் வருவாள். தன் குழந்தையைப் பறிகொடுத்தவள். அவள்தான் தம்பிக்குப் பால் கொடுத்தாள்.

“எங்க வீட்ல அவங்களைக் கிணத்தடி வரைக்கும்தான் விடுவாங்க” என்றார் மேடம். “பால் குடுக்க மட்டும் உள்ளே வரலாம். குடுத்து முடிச்சதும் அவங்க உக்காந்த இடத்தைக் கழுவி விடுவாங்க.”

உடம்பு தேறிய பிறகு ஒருநாள் அம்மா தம்பிக்குப் புதுச் சட்டை போட்டு, மேடமையும் கூட்டிக்கொண்டு ஜட்காவில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனார். எங்கள் பரணில் கிடந்த ரிஜிஸ்டர்களை எழுதிய அதே பழைய நோட்டரி. அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் அங்கே நின்றிருந்தார்கள். வக்கீல் அவள் கட்டைவிரலை மையில் அழுத்தினார். அவள் விரலைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஜட்காவில் அம்மாவும் மேடமும் மட்டும்தான். வீட்டில் எல்லோரிடமும் குழந்தை ஜுரத்தில் போய்விட்டது என்று அம்மா சொன்னார்.

“நான் பார்த்ததைச் சொன்னேன். கனவு கண்டிருப்பேன்னாங்க. எப்பக் கேட்டாலும் அதே பதில்தான். சாகற வரைக்கும் மாத்திச் சொல்லல. ஏன் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாமலே போச்சு. ஒருகட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ணால பார்த்ததே கனவா இருக்கலாம்னா, அப்புறம் எதை நம்பறது சொல்லு?”

அன்றிலிருந்து வேலையில்லாத நேரத்தில் நானும் ஒரு ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

கண்டுபிடித்தது அவர்தான். ஒரு மழை நாள் மத்தியானம் அது. கரண்ட் போயிருந்ததால் ஜன்னல் பக்கமாக ரிஜிஸ்டரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். “இங்க வா” என்று கூப்பிட்டார். தத்துப் பத்திரம். கொடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய அம்மாவின் கையெழுத்து. வாங்கியவர்கள் இருவர்: ஒரு கையெழுத்து, ஒரு ரேகை, ஜீவனஹள்ளி விலாசம். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. மேடம் அம்மாவின் கையெழுத்தைப் பார்க்கவில்லை. அந்த ரேகைக்குப் பக்கத்தில் விரலை வைத்து, அதன் மேல் படாமல், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கனவு இல்லை” என்றார்.

என்னைத் துணைக்கு வரச் சொன்னார். போனேன். ஜீவனஹள்ளியில் அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம் எழும்பியிருந்தது. எதிரில் துணி தேய்க்கிறவர், அந்தக் குடும்பம் பையனுக்கு ஃபேக்டரி வேலை கிடைத்து எப்போதோ ஹெப்பகோடி போய்விட்டது என்றார். அவரே யாருக்கோ போன் செய்து இடம் கேட்டுச் சொன்னார்.

ஹெப்பகோடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் வரிசையாக ஷீட் போட்ட வீடுகள். ஒன்றில் கட்டிலில் ஒரு மிக வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். மேடம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். அல்சூரில் கேட் வைத்த வீடு என்றார். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது நீங்கள்தான் தம்பிக்கு, என்று ஆரம்பித்தார்.

கிழவி கையை உயர்த்தி நிறுத்தினார். என்னைப் பார்த்து, “கதவச் சாத்து” என்றார். சாத்தினேன். அவர் மேடமின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“நீ அந்தப் பொண்ணு. வக்கீல் வூட்ல கூட நின்னினு இருந்தியே.”

“ஆமாம்மா.”

“தூக்கினு போக வந்தியா?”

அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஆளைப் பற்றித்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழவியின் கை மேடமின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்த பிடியிலேயே நடுங்கியது.

“நான் திருடல. உங்கம்மா கையெழுத்துப் போட்டுதான் குட்த்துச்சு. எங்கிட்டயும் பேப்பர் இருந்திச்சு. மழைத் தண்ணி வூட்ல பூந்தப்ப அத்தோட போயிடுச்சு.”

“தெரியும்மா. நான் தூக்கிட்டுப் போக வரல. பார்க்கத்தான் வந்தேன்.”

“அவனாண்ட சொல்லாத. நான் இருக்கற வரைக்கும் சொல்லாத.”

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். செக்யூரிட்டி உடுப்பில் ஒருவர், கையில் சாப்பாட்டு டப்பாவுடன் நின்றார். ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏதோ அபார்ட்மெண்ட்டில் காவல் வேலை. நீண்ட முகவாய், மேடமுக்கு இருந்த அதே முகவாய். எங்களைப் பார்த்துவிட்டு, “யாரும்மா இவங்க?” என்றார்.

கிழவி மேடமின் மணிக்கட்டை விட்டார். மேடம் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

“பேங்க்ல இருந்து வர்றோம். வயசானவங்க பென்ஷன் விஷயமா” என்றார்.

அவர் வாயிலிருந்து ஒரு பொய்யை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தெரியாத ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர், கூடப் பிறந்தவர் முன்னால் நின்று, தன்னை யாரோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி மோர் கொண்டுவந்து கொடுத்தார். மேடம் வாங்கிக் குடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “ஏன் மேடம்?”

“அந்தக் கை நடுங்கினதைப் பார்த்தேன்ப்பா” என்றார். கொஞ்சம் கழித்து, “அந்த அக்கா வந்து சத்தம் போட்டுட்டுப் போனாளே. அவ சொன்னதும் நியாயம்தான்” என்றார்.

பொய் சொன்னதோடு விடவில்லை, அதை உண்மையாக்கினார். அலைந்து திரிந்து கிழவிக்கு நிஜமாகவே முதியோர் பென்ஷன் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சாக்கில் மாதாமாதம் ஹெப்பகோடிக்குப் போய்வந்தார். என்னிடம் மட்டும், “நாளைக்கு வர மாட்டேன், தம்பி வீட்டுக்குப் போறேன்” என்பார். எல்லோரும் தம்பி வீட்டுக்குப் போவது மாதிரி சாதாரணமாகச் சொல்வார். அங்கே அவர் ‘பேங்க் மேடம்’. தம்பியை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். கிளம்பும்போது தம்பி மொபெட்டில் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விடுவாராம். “பின்னாடி உக்காந்தா கழுத்துல ஒரு மச்சம் தெரியுது. எங்கப்பாவுக்கு அதே இடத்துல இருக்கும்” என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். தேட வேண்டியது ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே மேஜையில்தான் வந்து உட்காருவார்.

சில வருடங்கள் இப்படியே ஓடின. கிழவி ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். நானும் மேடமும் போனோம். பிள்ளை மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி வைத்தார். மேடம் தெருப் பெண்களோடு ஓரமாக நின்றார். யாரோ, “நீங்க யாரும்மா?” என்று கேட்டதற்கு பிள்ளைதான் அழுகையின் நடுவே, “பேங்க் மேடம்” என்று சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, “இனிமே சொல்லலாமே மேடம். பாட்டியும் இல்லை” என்றேன்.

“எரிச்ச சூடே ஆறல. அதுக்குள்ள, நீ அவங்க பெத்த பிள்ளை இல்லேன்னு நான் போய்ச் சொல்லணுமா? அவனா கேக்கட்டும். கேட்டா மறைக்க மாட்டேன்.”

அவர் கேட்கவில்லை. மேடமும் சொல்லவில்லை. பென்ஷன் என்ற சாக்கும் போய்விட்டதால் ஹெப்பகோடிக்குப் போவது குறைந்தது. பண்டிகைக்கு ஒரு போன். உடம்பு எப்படி இருக்கு, நல்லா இருக்கேன் மேடம். அவ்வளவுதான். மேடமுக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸ் முடிந்து ஒருநாள் ஆபீசுக்கு வந்தவர், படியேற முடியாமல் ஜெராக்ஸ் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கீழே இறங்கிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். “தம்பிக்குச் சொல்லட்டுமா மேடம்?” என்றேன். “எதுக்கு? பேங்க் மேடத்துக்கு உடம்பு சரியில்லன்னா?” என்றார்.

மேடம் இறந்ததை, அவர் குடியிருந்த அபார்ட்மெண்ட்காரர்கள் எனக்குப் போன் செய்து சொன்னார்கள். சொந்தம் என்று சென்னையில் ஒரு தூரத்து உறவினர். அவர் வர முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நான் ஹெப்பகோடிக்குப் போன் செய்தேன். “பேங்க் மேடம் தவறிட்டாங்க” என்றேன். “எங்க கொண்டு வர்றீங்க?” என்றார்.

கல்பள்ளிச் சுடுகாட்டில் நாங்கள் மிகக் கொஞ்சம் பேர்தான் இருந்தோம். லாயர், நான், அபார்ட்மெண்ட்டிலிருந்து இரண்டு மூன்று பேர். ஹெப்பகோடியிலிருந்து அவர் செக்யூரிட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து பின்னால் நின்றார். சடங்கு செய்பவர், “யாருப்பா பண்றது? சொந்தக்காரங்க முன்னாடி வாங்க” என்றார். யாரும் இல்லையென்றால் நானே செய்வது என்று காலையிலேயே நினைத்திருந்தேன். செருப்பைக் கழற்றினேன். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

“நான் பண்றேன்.”

“நீங்க என்ன உறவு?”

“தம்பி” என்றார்.

யாரையும் பார்க்காமல் சொன்னார். சடங்கு செய்பவர் தண்ணீர்க் குடத்தை எடுத்து அவர் தோளில் வைத்தார்.

எல்லாம் முடிந்து குழாயடியில் அவர் கைகால் கழுவும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். “உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றேன்.

“நீங்க மொதல் தடவை வந்தீங்களே, அன்னிக்கே சார். நீங்க பஸ் ஏறியிருக்க மாட்டீங்க, அதுக்குள்ள அம்மா அழுதுனே சொல்லிடுச்சு. மனசுல வெச்சிக்க முடியல அதால.”

“அப்புறம் ஏன் நீங்க கேக்கவே இல்ல?”

அவர் குழாயை மூடினார். “அவங்க பேங்க்னு சொல்லிக்கினு வந்தாங்க சார். பெரிய வூட்டுக்காரங்க, ஆபீசரா இருந்தவங்க. செக்யூரிட்டி வேலை பார்க்கறவனைத் தம்பின்னு சொல்லிக்க வெக்கமா இருக்கும்போல, நாம ஏன் சங்கடப்படுத்தணும்னு இருந்துட்டேன். ஒரு தடவை வாய்விட்டே கேட்டுப் பார்த்தேன், உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா மேடம்னு. இருக்காங்க, தூரத்துல இருக்காங்கன்னாங்க. சரி, அவ்ளோ தூரத்துலயே இருப்போம்னு விட்டுட்டேன்.”

நான் அவசர அவசரமாகச் சொன்னேன். வெட்கம் இல்லை, உங்கள் அம்மா கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால்தான், அந்தக் கை நடுங்கியதால்தான் என்று. அதன் பிறகு, நீங்களாகக் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தார் என்று. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

“உங்ககிட்டப் பேசறப்ப என்னை இன்னான்னு சொல்லுவாங்க?” என்றார்.

“தம்பின்னுதான்.”

“எப்பலேர்ந்து?”

“மொதல்லேர்ந்தே.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தானை மாற்றிப் போட்டு, மறுபடி அவிழ்த்துப் போட்டார். பிறகு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். சட்டைப் பை, பேண்ட் பை, குழாயடித் திட்டு என்று எல்லா இடத்திலும் பார்த்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது.